லாரி எஞ்சினை விசைப்படகுல ஏத்தலாமா? (லேலண்ட் 370, 38 அடி மரப்படகு)

ஏப்ரல் 16, கேள்வி

மண்டபம் பக்கம் 38 அடி மரப்படகு, இழுவலைத் தொழில். பழைய எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுப் போச்சு. லாரியிலிருந்து இறக்கின லேலண்ட் 370 ஆறு சிலிண்டர் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல வருது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், அதுக்குள்ள ஏத்தி முடிக்கணும். பட்டறையில சொல்றாங்க: ரேடியேட்டரைக் கழட்டிட்டு கடல் தண்ணிய நேரா பிளாக்குக்குள்ள விட்டாப் போதும், லாரி கியர் பாக்ஸையே வெச்சுக்கலாம், அதுலதான் ரிவர்ஸ் இருக்கேன்னு. சரிதானா?

ஏப்ரல் 16, இரவு

எஞ்சின் ஏறும். அசோக் லேலண்டோட ஏ.எல்.எம். கடல் எஞ்சின்களும் லாரி பிளாக்கிலிருந்து வந்ததுதான். ஆனா பட்டறை சொன்ன ரெண்டு யோசனையும் தப்பு.

முதல்ல கியர் பாக்ஸ். புரொப்பல்லர் தண்ணியப் பின்னால தள்ளுற அதே விசை சாப்ட் வழியா உள்ள வந்து படகை முன்னால தள்ளுது. 80 எச்பி-ல மடி (இழுவலை) இழுக்கும்போது அந்தத் தள்ளு ஒரு டன்னை நெருங்கும். லாரி கியர் பாக்ஸோட அவுட்புட் பேரிங் சுத்துறதுக்கு உள்ளது, நீளவாக்குல ஒரு டன் தாங்குறதுக்கு இல்ல. கொஞ்ச நாள்ல பேரிங் ரேஸ் உடையும், பல் உராயும். டாப் கியர்ல போட்டா சாப்ட் எஞ்சின் வேகத்துலயே சுத்தும், பெரிய புரொப்பல்லர் போட முடியாது. இறக்கின கியர்ல போட்டா, ஏத்தத்துல சில நிமிஷம் உழைக்கச் செஞ்ச பல்லு நாள் முழுக்க உழைக்கணும். எண்ணெய் சூட்டை ஆத்தவும் அதுல வழியில்ல.

மரைன் கியர் பாக்ஸ் வேணும். தள்ளு பேரிங் உள்ளேயே, ஆயில் கூலர் கூடவே, 3:1 இறக்கம் (எஞ்சின் மூணு சுத்துக்கு சாப்ட் ஒரு சுத்து). கிளட்ச் பிளேட்டைக் கழட்டிட்டு பிளைவீல்ல டாம்பர் பிளேட் (அதிர்வை வாங்கிக்கிற ஸ்பிரிங் தட்டு) போடுங்க. அத விட்டுட்டு நேரா மாட்டினா ஐடில்ல கடகடன்னு அடிச்சே இன்புட் ஸ்ப்ளைன் தேய்ஞ்சிடும்.

ஏப்ரல் 17

கடல் தண்ணி விஷயம். நேரா பிளாக்குல விடுறதுல துருவை எல்லாரும் யோசிப்பாங்க. அதுக்கு முன்னால வர்ற சிக்கல் சூடு. கடல் தண்ணி 55 டிகிரியத் தாண்டினா உள்ள உப்பும் சுண்ணாம்பும் படிய ஆரம்பிக்கும். அதனால நேரடிக் கூலிங்ல எஞ்சினை அதுக்குக் கீழயே வெச்சு ஓட்டணும். லாரி டீசல் எஞ்சின் 80-85 டிகிரிக்கு வடிவமைச்சது. குளிரா ஓடினா டீசல்ல உள்ள கந்தகம் சிலிண்டர் சுவத்துல அமிலமா இறங்கும், லைனரும் ரிங்கும் வேகமாத் தேயும், எண்ணெய் கருத்துக் குழம்பாகும். சூடா ஓட்டினா ஹெட்டுல உப்பு அடைச்சு, ரெண்டு வால்வுக்கு நடுவுல விரிசல் விடும். எப்படி ஓட்டினாலும் எஞ்சின்தான் பலி.

ரெண்டு சுத்து வைங்க. உள் சுத்துல நல்ல தண்ணியும் கூலண்டும். எஞ்சினோட சொந்த வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் அப்படியே இருக்கட்டும். வெளிச் சுத்துல கடல் தண்ணி. நடுவுல ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ரெண்டு தண்ணியும் கலக்காம சூட்டை மட்டும் கைமாத்துறது), குப்ரோநிக்கல் (செம்பு-நிக்கல் கலவை) குழாய் உள்ளது.

எவ்வளவு தண்ணி வேணும்னு கணக்குப் போட்டுக்கலாம். 80 எச்பி ஓட்டத்துல, தண்ணி சுத்துற மேனிபோல்டும் (எஞ்சின்லேருந்து புகை வெளிய வர்ற குழாய்த் தொகுப்பு) கியர் ஆயில் கூலரும் சேர்த்து வெளியேத்த வேண்டிய சூடு சுமார் 60 கிலோவாட். நம்ம கடல் 30 டிகிரி. வெளிய போற தண்ணி 50-ஐத் தாண்டக் கூடாதுன்னா ஏற விடலாம்னு இருக்கிறது 20 டிகிரி. கடல் தண்ணி ஒரு கிலோ ஒரு டிகிரி ஏற 4 கிலோஜூல் வாங்கும். 60-ஐ 80-ஆல வகுத்தா நொடிக்கு 0.75 லிட்டர், நிமிஷத்துக்கு 45. வடிகட்டியில பாசி, பம்ப் தேய்மானம் எல்லாம் நினைச்சு 70 லிட்டர் பம்பா வாங்குங்க. ஓடுற வேகத்துல 70 வரணும். பெட்டியில எழுதியிருக்கிறது முழு வேகத்துக்கு. கப்பி அளவை அதுக்கேத்த மாதிரி எடுங்க.

ஏப்ரல் 17, பிற்பகல்

விட்டுப்போனது: ரப்பர் இம்பெல்லர் பம்ப் தண்ணி இல்லாம அரை நிமிஷம் ஓடினாலே இதழ் கருகும். அறுந்த இதழ் நேரா ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில போய் உக்காரும். புது இம்பெல்லர் போட்ட பிறகும் சூடு குறையலன்னா அந்தத் துண்டைத் தேடுங்க. பழைய இம்பெல்லர்ல எத்தனை இதழ் குறையுதோ அத்தனையும் கைக்கு வர்ற வரை விடாதீங்க.

ஏப்ரல் 20

"லாரியில 110 எச்பி இருந்துச்சே, நீங்க ஏன் 80-னு கணக்குப் போடுறீங்க"ன்னு கேட்டிருக்கீங்க. இந்த மாத்தத்தோட மையமே இதுதான்.

லாரிக்கு இறக்கம் உண்டு. கடல்ல இறக்கமே கிடையாது. லாரி ஏத்தத்துல முழு பலம் போடும், அடுத்த வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுப்பாங்க, டோல்ல நிக்கும். அந்த 110 நடுநடுவே ஓய்வு இருக்கும்னு நம்பி எழுதின எண். மடி போட்டு இழுக்கிற படகுல எஞ்சின் மூணு நாலு மணி நேரம் ஒரே வேகத்துல ஒரே சுமையில நிக்கும். பிஸ்டன் தலைக்கும் வால்வுக்கும் ஆற நேரமே கிடைக்காது. அதனால நிமிஷத்துக்கு 2400 சுத்துல 110-ங்கிறதை மறந்துட்டு 2000 சுத்துல 80-னு டீசல் பம்பை இறக்கி சீல் பண்ணுங்க. செலவும் தெரிஞ்சு வெச்சுக்கலாம்: 80 எச்பி தொடர்ந்து எடுத்தா மணிக்கு 15-16 லிட்டர் டீசல்.

டீசல் பம்பைக் கழட்டும்போதே கவர்னர் (எஞ்சின் வேகத்தைப் பிடிச்சு நிறுத்துற பாகம்) என்ன வகைன்னு பார்த்துடுங்க. பட்டறையில பெரும்பாலும் பார்க்காம விடுறது இதுதான். லாரி பம்ப் நிறையவற்றுல இருக்கிறது ஆர்க்யூ கவர்னர். அது ஐடிலையும் உச்ச வேகத்தையும் மட்டும் பிடிக்கும். நடுவுல எல்லாம் டிரைவர் கால்தான் கவர்னர். படகுல கால் கிடையாது, லீவரை ஒரு இடத்துல வெச்சுட்டு எல்லாரும் வலைப் பக்கம் போயிடுவாங்க. அலையில அமரம் (படகோட பின்பக்கம்) தூக்கி புரொப்பல்லர் பாதி வெளிய வந்ததும் சுமை இறங்கும், எஞ்சின் உச்சம் வரை அலறும். திரும்ப முங்கினதும் தடார்னு அமுங்கும். ஒரு ராத்திரியில இது நூறு தடவை நடந்தா கப்ளிங் போல்ட்டும் டாம்பரும் தாங்காது. எல்லா வேகத்தையும் பிடிக்கிற ஆர்எஸ்வி இல்லேன்னா ஆர்க்யூவி கவர்னர் வேணும். பம்ப் பக்கத்துல தகடு இருக்கும், டீசல் ஊத்தித் துடைச்சா எழுத்து தெரியும். ஆர்எஸ்விக்குப் பின்னால 350-1200-ன்னு இருந்தா அது பம்ப் வேகம். எஞ்சின் வேகம் அதுல ரெண்டு மடங்கு, அதாவது 2400. அந்த 1200-ஐத்தான் டெஸ்ட் பெஞ்ச்ல 1000-க்கு இறக்கச் சொல்லணும்.

ஏப்ரல் 21

ஹீட் எக்ஸ்சேஞ்சர் செலவு வேணாம், ஏராவுக்கு (படகோட அடி நீளக் கட்டை) பக்கத்துல குழாய் ஓட்டி நல்ல தண்ணியையே வெளிய சுத்த விடலாமான்னு கேட்டது. விடலாம். கடல் தண்ணிப் பம்ப் கிடையாது, இம்பெல்லர் கிடையாது, வடிகட்டியில பாலிதீன் சிக்காது. பரப்புக் கணக்கு: எச்பியை 4-ஆல வகுத்தா எத்தனை சதுர அடி இரும்புப் பரப்பு வேணும்னு வரும். 80-க்கு 20 சதுர அடி.

ஏப்ரல் 24

மேல போட்ட 20 சதுர அடியை எடுத்துக்காதீங்க. அந்த வாய்ப்பாடு இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுக்காரங்களோடது. அங்க தண்ணி 15 டிகிரின்னு வெச்சுக்கிட்டா எஞ்சினுக்கும் தண்ணிக்கும் 65 டிகிரி வித்தியாசம். நம்ம 30 டிகிரிக் கடல்ல வித்தியாசம் 50-தான். அதனாலயே 26 சதுர அடி ஆகுது. இதுக்கு மேல கொட்டலசு (படகு அடியில ஒட்டி வளர்ற ஓட்டு உயிர்). குழாய் மேல கொட்டலசு ஏறினா அது சூட்டுக்குப் போர்வை போர்த்தின மாதிரி. மூணுல ஒரு பங்கு கூட்டி 35 வைங்க. 2 அங்குலக் குழாய்ல ஒரு அடி நீளத்துக்கு அரை சதுர அடிதான் கிடைக்கும், ஆக 70 அடி குழாய். 38 அடிப் படகோட அடியில ரெண்டு பக்கமும் அவ்வளவு ஓட்டணும், அத்தனையும் வலைக் கயிறு மாட்டுற இடம், கரையில இழுக்கும்போது நசுங்குற இடம். மரப்படகுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான் என் முடிவு. இரும்புப் படகா இருந்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 29

பெட் கட்டையும் (எஞ்சின் உக்கார்ற கட்டை) சம்ப்பும் (எஞ்சின் அடி எண்ணெய்த் தொட்டி). லாரியில எஞ்சின் ஏறக்குறைய மட்டமா உக்காந்திருக்கும். படகுல சாப்ட் சாய்வுக்குத் தகுந்து பின்பக்கம் 10-12 டிகிரி இறங்கும். எண்ணெய் பிளைவீல் பக்கம் கூடும். சம்ப்புல உறிஞ்சு குழாய் முன்பக்கம் இருக்கிற எஞ்சினா இருந்தா அலையில காத்தை உறிஞ்சும், பிரஷர் முள் ஆடும், பெரிய முனை பேரிங் போகும். சம்ப்பைக் கழட்டி உறிஞ்சு குழாய் எங்க இருக்குன்னு பாருங்க. முன்பக்கம்னா குழாயை நீட்டி பின்பக்கம் கொண்டு போகணும். நீட்டின இடத்துல ஒரு கிளாம்ப் கட்டாயம், இல்லேன்னா அதிர்வுல முறியும்.

டிப் ஸ்டிக் கோடும் இனி பொய் சொல்லும். எஞ்சின் பெட்டுல உக்காந்த பிறகு சம்ப்பை முழுக்க வடிச்சிட்டு, மேனுவல்ல சொன்ன அளவை ஜாடியால அளந்து ஊத்தி, அரை மணி நேரம் விட்டு, குச்சியில புதுக் கோடு அரம் போடுங்க. பழைய கோட்டைத் தேய்ச்சு அழிச்சுடுங்க. ரெண்டு கோடு இருந்தா என்னைக்காவது ஒருத்தர் பழசைப் பார்ப்பார்.

லாரி ரப்பர் மவுண்ட்டும் ஆகாது, அது எடையத் தாங்கும், தள்ளைத் தாங்காது. விஞ்சுக்கு முன்பக்கக் கப்பியில நேரா பெல்ட் போடுறதும் வேணாம். கிராங்க் மூக்கைப் பக்கவாட்டுல இழுத்தா முன் மெயின் பேரிங் ஒரு பக்கமாத் தேயும். தனியா ஒரு குட்டைச் சாப்ட், ரெண்டு பக்கமும் பேரிங் பிளாக், கிராங்க்கோட ரப்பர் கப்ளிங்.

மே 3

சைலன்சர். இது மரப்படகு, இங்க தப்பு பண்ணினா நெருப்பு. புகைக் குழாய் 400 டிகிரிக்கு மேல போகும். மரம் நாள்பட 100 டிகிரிக்கு மேல சூடு வாங்கிட்டே இருந்தா உள்ளுக்குள்ள கருகும், பத்திக்கிற சூடு வருஷா வருஷம் இறங்கும். மூணு வருஷம் ஒண்ணும் ஆகாத பலகை நாலாவது வருஷம் பத்திக்கும். குழாய்க்கும் மரத்துக்கும் நடுவுல ஆறு அங்குலம் விடுங்க, குழாயை கிளாஸ் பைபர் கயிறால சுத்துங்க, தட்டைத் துளைக்கிற இடத்துல இரும்புக் காலர். எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவுல நெளி குழாய் ஒரு துண்டு, இல்லேன்னா மேனிபோல்டு ஸ்டட் முறியும்.

அடைப்பு இருக்கான்னு பார்க்க எளிய வழி: மேனிபோல்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன நட் வெல்டு பண்ணி, ரெண்டு அடி செம்புக் குழாய், அதுல ஒளி ஊடுருவுற ஹோஸ் யு மாதிரி தொங்க விட்டு பாதி தண்ணி ஊத்துங்க. முழு சுமையில ரெண்டு கால்லயும் தண்ணி மட்ட வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டினா குழாய் சின்னது. டர்போ எஞ்சின்னா இன்னும் குறைவாத்தான் விடணும், மேனுவல் எண்ணைப் பாருங்க.

கடல் தண்ணியக் குழாய்க்குள்ள விட்டுக் குளிர வைக்கிற ஈர வழியும் இருக்கு. தண்ணி சேர்ற இடம் படகோட தண்ணிக் கோட்டுக்கு ஒரு சாண் மேலயாவது இருக்கணும். இல்லேன்னா எஞ்சின் நிறுத்தினப்புறம் தண்ணி சைபன் ஆகி சிலிண்டருக்குள்ள இறங்கும். காலையில ஸ்டார்ட் அடிச்சா கனெக்டிங் ராடு வளையும்.

மே 4

ஒரு வரி: சீ காக் (கடல் தண்ணி உள்ள வர்ற வால்வு) பித்தளையில வாங்காதீங்க, வெண்கலம். பித்தளையில உள்ள துத்தநாகத்தைக் கடல் தின்னுடும். பழசைக் கத்தியால சுரண்டிப் பாருங்க: மஞ்சளா மின்னினா உயிர் இருக்கு, இளஞ்சிவப்பாப் பொடியா உதிர்ந்தா வடிவம் மட்டும்தான் மிச்சம், ஒரு உதை தாங்காது.

மே 11

புரொப்பல்லர். எஞ்சின் 2000, கியர் 3:1, சாப்ட் 667. படகு தண்ணிக் கோட்டுல 34 அடின்னா அது எட்டு நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்ங்கிற அளவு) வேகத்துக்கு மேல போகாது, எவ்வளவு எச்பி கொட்டினாலும் அலைதான் பெரிசாகும். பிட்ச் (வழுக்கல் இல்லாம புரொப்பல்லர் ஒரு சுத்துல முன்னேறுற தூரம்) அங்குலத்தை சாப்ட் வேகத்தால பெருக்கி 1215-ஆல வகுத்தா வழுக்கல் இல்லாத வேகம் நாட்ல வரும். 24 அங்குலப் பிட்ச்சுக்கு 13.2. எட்டு நாட்ல ஓடினா வழுக்கல் 40 சதவீதம், இந்த மாதிரிப் படகுக்கு அது இயல்பு. ஆக 24-ல ஆரம்பிங்க. விட்டம் எவ்வளவு பெரிசு போட முடியுமோ போடுங்க, ஆனா இறக்கைக்கும் பலகைக்கும் நடுவுல விட்டத்துல ஆறுல ஒரு பங்கு இடைவெளி விட்டு.

ஓட்டிப் பார்க்கும்போது, வலை இல்லாம லீவரை முழுக்கத் தள்ளினா கவர்னர் வெட்டுற 2000 வரை வரணும். மடி இழுக்கும்போது கரும்புகை இல்லாம 1800 நிக்கணும். வெறும் ஓட்டத்துலயே 1800-க்கு மேல ஏற மாட்டேங்குதுன்னா பிட்ச் அதிகம், ஒரு அங்குலம் குறைச்சா 200 ஏறும்.

மே 12

அந்த 200 அவுட்போர்டு கணக்கு, இங்க பொருந்தாது. 24 அங்குலத்துல ஒரு அங்குலம்னா 4 சதவீதம்தான். 2000-ல 60-லேருந்து 80 ஏறும். 200 வேணும்னா மூணு அங்குலம் இறக்கணும், அதுக்கு பிட்ச்சைத் தட்டி மாத்துறதைவிட வேற புரொப்பல்லரே நல்லது.

கூடவே சுத்துற திசை. கியர் பாக்ஸ் முன் போக்குல எஞ்சின் திசையிலயே சுத்துதா, எதிரா சுத்துதான்னு மாடலுக்கு மாடல் மாறும். கட்டி முடிச்சு ஐடில்ல போட்டு சாப்ட்டைக் கண்ணால பார்த்தப்புறம் வலது கையா இடது கையான்னு ஆர்டர் கொடுங்க.

டீசல் மிச்சம் பிடிக்கவும் இதே கணக்குதான். வெறும் ஓட்டத்துல புரொப்பல்லர் கேட்கிற பலம் வேகத்தோட மூணாம் அடுக்கா (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். பத்து சதவீதம் வேகம் குறைச்சா பலம் 27 சதவீதம் குறையும். வீடு திரும்பும்போது 2000-க்குப் பதிலா 1800.

மே 19

இடையில ஒருத்தர் பைபர் படகுக்கு பழைய கார் பெட்ரோல் எஞ்சின் போடலாமான்னு கேட்டிருக்கார். தாய்லாந்து ஆறுகள்ல நீள வால் படகு பார்த்திருப்பீங்க, கார் எஞ்சின் அமரத்துல ஒரு முளை மேல சுழலும், சாப்ட் நேரா பின்னால நீளும். நம்ம பைபர் படகு லாங் டெயில் அதே சூத்திரம்தான், எஞ்சின் மட்டும் சின்ன டீசல். அங்க எஞ்சின் வெட்டவெளியில நிக்குது, அதனால பிழைக்குது.

மூடின எஞ்சின் ரூம்ல கார் பெட்ரோல் எஞ்சின் வேணாம். பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், படகோட அடியில தேங்கும், வெளியேற வழியில்ல. கார்ல அது ரோட்டுல வடிஞ்சு போயிடும். கார் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் பொறி பறக்கிற சாமான். மரைன்ல அதையெல்லாம் பொறி வெளிய வராத மாதிரி மூடியிருப்பாங்க, கார்புரேட்டர் மேல தீத்தடுப்பு வலை இருக்கும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால நாலு நிமிஷம் புளோயர் ஓட்டுவாங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற சாமான், விலையில வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீங்க, அது உயிர்.

மே 27

பிஎஸ்6 (புதுப் புகை விதிக்குச் செஞ்ச) லாரி எஞ்சின் மலிவா கிடைச்சா? எடுக்காதீங்க. காமன் ரயில், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), புகைச் சுத்திகரிப்பு எல்லாம் ஒண்ணையொண்ணு கேட்டு ஓடுறது. ஒரு சென்சார் கனெக்டர்ல உப்புப் பச்சை ஏறினா ஈசியூ பலத்தை வெட்டும், கரையிலிருந்து இருபது மைல்ல ஸ்கேனரோட யாரும் வர மாட்டாங்க. அதோட டர்போ இன்டர்கூலர் எதிர்க் காத்தை நம்பினது, எஞ்சின் ரூம்ல எதிர்க் காத்து ஏது? கடல் தண்ணி ஆப்டர்கூலரா மாத்தணும். மெக்கானிக்கல் பம்ப், டர்போ இல்லாத 370-யே இந்தப் படகுக்குப் போதும்.

காத்துன்னதும் ஞாபகம் வருது: 6 லிட்டர் எஞ்சின் 2000-ல நிமிஷத்துக்கு 5 கன மீட்டர் காத்து குடிக்கும். எஞ்சின் ரூம் மூடிய இறுக்கமா அடைச்சா புகை கருக்கும். ரெண்டு வழி வைங்க, ஒண்ணு கீழ வரை இறங்கிக் குளிர் காத்து கொண்டு வர்றது, ஒண்ணு மேல சூட்டை விடுறது.

ஜூன் 6

கப்ளிங் (கியர் பாக்ஸும் சாப்ட்டும் சேர்ற இணைப்பு) ஒரே நேர்க்கோட்டுல இருக்கா. கரையில பார்த்தது கணக்கில்ல. மரப்படகு தண்ணியில இறங்கி ரெண்டு நாள்ல பலகை ஊறி வடிவம் மாறும். ரெண்டு நாள் கழிச்சு கப்ளிங் போல்ட்டைக் கழட்டி, முகம் ரெண்டையும் கையால சேர்த்து வெச்சு, பீலர் கேஜை மேல, கீழ, இடம், வலம் விட்டுப் பாருங்க. 125 மிமீ கப்ளிங்குக்கு இடைவெளி வித்தியாசம் 0.12 மிமீக்குள்ள இருக்கணும். அப்புறம் சாப்ட்டைக் கால் சுத்து திருப்பி மறுபடி அளங்க. தப்பு அதே இடத்துல நின்னா எஞ்சின் நிலை சரியில்ல, சாப்ட்டோட சேர்ந்து சுத்தினா சாப்ட் வளைஞ்சிருக்கு. கிளாண்டை (சாப்ட் படகை விட்டு வெளிய போற இடத்துல தண்ணியத் தடுக்கிற அடைப்பு) முழுக்க இறுக்காதீங்க, ஓடும்போது நிமிஷத்துக்கு சில சொட்டு விழணும், கை வெச்சா வெதுவெதுப்புக்கு மேல இருக்கக் கூடாது.

ஜூன் 12

மூணு நாள்ல தடை முடியுது. மீன்வளத் துறைப் பதிவுல புது எஞ்சின் நம்பர் ஏத்தியாச்சான்னு பாருங்க.

முதல் வாரம்: முதல் நாள் கரை தெரியுற தூரத்துலயே ரெண்டு மணி நேரம், பாதி சுமை. திரும்பினதும் ஐடில்ல அஞ்சு நிமிஷம் விட்டு நிறுத்துங்க. ஹோஸ் கிளிப் எல்லாத்தையும் சூடா இருக்கும்போதே ஒரு சுத்து இறுக்குங்க. 50 மணி நேரத்துல எண்ணெயும் பில்டரும் மாத்துங்க, மேனுவல்ல அதிகமா இருந்தாலும். டிப் ஸ்டிக்ல எண்ணெய் ஏறியிருந்தா குறையுறதைவிட அது மோசம்: தண்ணியோ டீசலோ சேருது. காகிதத்துல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, டீசல்னா ஓரம் பரவும், தண்ணின்னா பால் மாதிரி வெளுக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஜிங்க் குச்சியை ரெண்டு மாசத்துல கழட்டிப் பாருங்க, பாதி கரைஞ்சா மாத்திடுங்க. படகுல எப்பவும் இருக்க வேண்டியது ரெண்டு இம்பெல்லர், ரெண்டு பெல்ட், நாலு டீசல் பில்டர், அந்த இம்பெல்லர் மூடியோட கேஸ்கட். கேஸ்கட்டை எல்லாரும் மறப்பாங்க, அதனாலதான் தனியா எழுதுறேன்.